காணாமல் போன பணம்: போர் நடந்த நாடுகளின் பொதுக்கணக்கைப் புரிந்துகொள்ள ஓர் எளிய விளக்கம்

திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போய்வந்த ஒருவராவது இல்லாத தெருவைக் காண்பது அரிது. அதனால் ஈராக்கைப் பற்றிய பேச்சு இங்கே தூரத்துச் செய்தியாக வருவதில்லை. குவைத்திலோ துபாயிலோ ஈராக்கியரோடும் ஆப்கானியரோடும் ஒரே இடத்தில் வேலை பார்த்தவர்கள் சொல்லும் கதையாகவே வருகிறது. அந்தப் பேச்சில் தவறாமல் வந்து விழும் ஒரு செய்தி, ஈராக்கில் 880 கோடி டாலர் காணாமல் போய்விட்டது என்பது. அமெரிக்கர்கள் தங்கள் பணத்தைக் கொட்டினார்கள், ஈராக்கிய அமைச்சர்கள் அதைத் தின்றுவிட்டார்கள் என்று ஒருவர் சொல்வார். கொட்டியவர்களே தின்றுவிட்டார்கள் என்று இன்னொருவர் சொல்வார். அந்தத் தொகையை முதலில் வெளியிட்ட தணிக்கை அறிக்கை இந்த இரண்டில் எதையும் சொல்லவில்லை. பணம் யாருடையது, அறிக்கை எதைக் கண்டுபிடித்தது, எதைக் கண்டுபிடிக்கவில்லை என்ற மூன்றுமே பேச்சுவாக்கில் ஒன்றோடொன்று கலந்துவிட்டன.

இந்தக் குழப்பத்தால் யாருக்கு என்ன நட்டம் என்று தோன்றலாம். எல்லாரும் திருடர்கள் என்று சொல்லி முடித்துவிட்டால், எந்த இடத்தில், எந்த வழியாக, யார் பார்க்காதபோது பணம் போனது என்ற கேள்வி எழாமலே போய்விடுகிறது. அந்தக் கேள்வி எழாத நாடுகளில்தான் சம்பளம் கிடைக்காத காவலரும் மருந்து இல்லாத மருத்துவமனையும் ஆண்டுக்கணக்கில் அப்படியே இருக்கிறார்கள். கணக்கியல் படிக்காதவர்களும் அந்தக் கேள்வியைச் சரியாகக் கேட்க முடியும் என்ற நம்பிக்கையில் இதை எழுதுகிறேன்.

மேட்டூரில் திறந்த தண்ணீர்

மேட்டூர் அணையிலிருந்து விநாடிக்கு 10,000 கன அடி தண்ணீர் திறக்கப்பட்டதாக வைத்துக்கொள்வோம். அது கல்லணைக்கு வந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரிகிறது. பிறகு கிளை ஆறுகளாகவும், வாய்க்கால்களாகவும், வயலுக்குள் போகும் கன்னி வாய்க்கால்களாகவும் பிரிந்துகொண்டே போய், தலைஞாயிறு, வேதாரண்யம் பக்கத்துக் கடைமடை வயல்களில் முடிகிறது. கடைமடையில் இருப்பவருக்குத் தண்ணீர் வந்து சேரவில்லை. ஏன் வரவில்லை?

வழியில் மணலும் வெயிலும் ஒரு பங்கை எடுத்துக்கொண்டிருக்கலாம். அது எந்த ஆற்றிலும் தவிர்க்க முடியாத இழப்பு. தூர்வாராத வாய்க்காலில் ஆகாயத்தாமரை மண்டித் தண்ணீர் தேங்கியிருக்கலாம். அது நிர்வாகக் குறை. நடுவழியில் யாரோ முறையில்லாமல் மதகைத் தூக்கியிருக்கலாம், அல்லது என்ஜின் வைத்து இரவோடு இரவாக இறைத்திருக்கலாம், அது திருட்டு. இந்த மூன்றும் நமக்குப் பழகிய காரணங்கள். நான்காவது நிலை ஒன்று உண்டு. இடையில் இருந்த மதகுகளில் நீரளவுகோல் இல்லை, இருந்த இடத்தில் யாரும் அளவைக் குறித்து வைக்கவில்லை. அப்போது தண்ணீர் கசிந்ததா, தேங்கியதா, திருடப்பட்டதா, அல்லது வேறொரு வாய்க்காலில் நியாயமாகவே பாய்ந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. மேட்டூரில் திறந்த அளவு தெரியும், கடைமடையில் வராததும் தெரியும், நடுவில் நடந்தது தெரியாது.

பொதுப்பணம் காணாமல் போய்விட்டது என்று தணிக்கையாளர் எழுதும்போது, பெரும்பாலும் அவர் குறிப்பது இந்த நான்காவது நிலையைத்தான். தணிக்கை என்பது, செலவு செய்தவர் சொல்வதை அவரோடு தொடர்பில்லாத ஒருவர் ரசீது, பதிவேடு, நேரடிப் பார்வை ஆகியவற்றைக் கொண்டு சரிபார்ப்பது. ரசீதும் பதிவேடும் இல்லாதபோது, பணம் கணக்கில் வரவில்லை என்று மட்டுமே அவரால் எழுத முடியும். அதற்கு மேல் ஒரு சொல் எழுதினாலும் அது ஊகமாகிவிடும்.

ஆகவே இழப்பு, நிர்வாகக் குறை, திருட்டு, கணக்கின்மை என்ற நான்கையும் பிரித்து வைத்துக்கொள்ள வேண்டும். கணக்கின்மை திருட்டுக்குச் சான்றாகாது. அதே சமயம் திருடுபவருக்கு அதைவிட வசதியான இடமும் கிடையாது. போரில் சிக்கிய நாடுகளின் ஊழலைப் பற்றிப் புரிந்துகொள்ள வேண்டியதில் பாதி இந்த இரண்டு வாக்கியங்களில் இருக்கிறது.

880 கோடி டாலரின் உண்மைக் கதை

2003-இல் சதாம் உசேனின் ஆட்சி வீழ்ந்த பிறகு, அமெரிக்கா தலைமையிலான கூட்டணித் தற்காலிக ஆணையம் ஈராக்கை 2004 ஜூன் 28 வரை நிர்வகித்தது. அதன் தலைவர் பால் பிரெமர். 2003 மே மாதம் ஐ.நா. பாதுகாப்பு அவையின் 1483-ஆம் தீர்மானத்தையொட்டி ஈராக் வளர்ச்சி நிதி என்ற கணக்கு உருவாக்கப்பட்டது. ஈராக்கின் எண்ணெய் விற்ற பணமும், எண்ணெய்க்கு ஈடாக உணவு வாங்கும் பழைய ஐ.நா. திட்டத்தில் மிஞ்சிய பணமும், வெளிநாடுகளில் முடக்கப்பட்டிருந்த ஈராக்கிய அரசுச் சொத்துகளும் அதில் சேர்க்கப்பட்டன. ஆகவே காணாமல் போனதாகச் சொல்லப்படும் 880 கோடி டாலர் அமெரிக்க மக்களின் வரிப்பணம் என்பது தவறு. அது ஈராக்கிய மக்களின் பணம். அமெரிக்க அதிகாரிகள் அதற்குப் பொறுப்பாளர்களாக இருந்தார்கள்.

ஈராக்கில் அப்போது வங்கிகள் இயங்கவில்லை. அதனால் பணம் நோட்டாகவே போயிற்று. நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கியிலிருந்து ஏறக்குறைய 1,200 கோடி டாலர், விமானங்களில் ஏற்றப்பட்டுப் பாக்தாதுக்கு அனுப்பப்பட்டது என்றும், அதன் எடை 363 டன் என்றும் அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஒன்று 2007-இல் வெளியிட்டது. அமைச்சகங்களின் சம்பளத்துக்கும் செலவுக்கும் அந்த நோட்டுகள் கட்டுக்கட்டாகக் கைமாறின.

ஈராக் மறுசீரமைப்புக்கான சிறப்புத் தலைமைத் தணிக்கையாளர் ஸ்டூவர்ட் போவன் 2005 ஜனவரியில் தன் அறிக்கையை வெளியிட்டார். ஈராக்கிய அமைச்சகங்களுக்குக் கொடுக்கப்பட்ட 880 கோடி டாலர், எதற்காகக் கொடுக்கப்பட்டதோ அதற்காகச் செலவிடப்பட்டது என்று உறுதி சொல்லப் போதுமான கட்டுப்பாடுகளை ஆணையம் ஏற்படுத்தவில்லை என்பது அதன் முடிவு. ஓர் அமைச்சகத்தின் சம்பளப் பட்டியலில் 8,206 காவலர்கள் இருந்தார்கள்; அவர்களில் 602 பேர் இருப்பதை மட்டுமே உறுதிசெய்ய முடிந்தது. மீதிப் பேர் இல்லவே இல்லையா, இருந்தும் பதிவு இல்லையா என்பதை அறிக்கையால் சொல்ல இயலவில்லை. பிரெமர் இதைக் கடுமையாக மறுத்தார். போர் நடந்துகொண்டிருக்கும் நாட்டில் அமைதிக்கால மேற்கத்திய கணக்கு முறைகளை எதிர்பார்ப்பது நியாயமில்லை என்பதும், சம்பளத்தை நிறுத்தியிருந்தால் நாடு இன்னும் மோசமாகச் சிதறியிருக்கும் என்பதும் அவர் தரப்பு வாதம். அதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் சம்பளம் கொடுப்பதற்கு இருந்த அவசரம், யாருக்குக் கொடுத்தோம் என்று குறித்து வைக்கத் தடையாக இருந்தது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. பெயரும் கைநாட்டும் வாங்கி வைக்க வங்கி தேவையில்லை, ஒரு நோட்டுப் புத்தகம் போதும்.

இதோடு சேர்த்துச் சொல்லப்படும் இன்னொரு தொகை, விமானங்களில் போன நோட்டுகளில் கணக்கில் வராததாகச் சொல்லப்பட்ட 660 கோடி டாலர். 2011-இல் உலகச் செய்தித்தாள்களில் பெரிய தலைப்பாக வந்த அந்தத் தொகை, வரலாற்றின் மிகப்பெரிய திருட்டாக இருக்கலாம் என்று பேசப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில், அதே தணிக்கை அலுவலகம் பழைய ஆவணங்களைத் தேடியெடுத்து, அந்தப் பணத்தின் பெரும்பகுதி ஈராக்கின் மத்திய வங்கி வசம் ஒப்படைக்கப்பட்டிருந்ததாக அறிவித்தது. திருட்டு என்ற செய்தியைப் படித்தவர்களில் எத்தனை பேர் பின்னால் வந்த இந்த அறிவிப்பைப் படித்திருப்பார்கள்? இங்கே இன்றும் முதல் செய்திதான் சொல்லப்படுகிறது.

இதனால் திருட்டே நடக்கவில்லை என்று எண்ணிவிடக் கூடாது. பாக்தாதுக்குத் தெற்கே ஹில்லா நகரில் ஆணையத்தின் கணக்கு அதிகாரியாக இருந்த ஓர் அமெரிக்கர், ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் லஞ்சம் வாங்கிக்கொண்டு அவருக்கே வேலைகளை ஒதுக்கியதையும், பணத்தைத் தானே எடுத்துக்கொண்டதையும் ஒப்புக்கொண்டு, 2007-இல் 9 ஆண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். அப்படி ஒதுக்கப்பட்ட ஒப்பந்தங்களின் மதிப்பு 86 லட்சம் டாலருக்கு மேல். கணக்கில் வராத தொகை நூற்றுக்கணக்கான கோடிகளாக இருக்க, நீதிமன்றத்தில் நிரூபிக்க முடிந்தது லட்சங்களில் நின்றுவிட்டது. பதிவு இல்லாத இடத்தில் சாட்சியும் இல்லை என்பதே இந்த இடைவெளிக்குக் காரணம்.

இல்லாத ஆட்களுக்குச் சம்பளம்

போர் நடக்கும் நாட்டில் பொதுப்பணம் வெளியேறும் வழிகளில் மிகப் பெரியதும், மிக எளியதும், மிக அதிகமாக உயிர்களைக் காவு வாங்குவதும் படையின் சம்பளப் பட்டியல். அதை முதலில் விரிவாகச் சொல்ல வேண்டும்.

தலைநகரில் இருக்கும் அமைச்சகம், தளபதி அனுப்பும் எண்ணிக்கையைப் பார்த்துச் சம்பளத்தை விடுவிக்கிறது. தளபதி 600 பேர் இருப்பதாக எழுதுகிறார், உண்மையில் 400 பேர் இருக்கிறார்கள். மீதி 200 பேரில் சிலர் செத்துப்போனவர்கள், சிலர் ஓடிப்போனவர்கள், சிலர் பிறக்கவே இல்லாதவர்கள். இவர்கள் போலிப் பெயர்கள். இன்னொரு வகையும் உண்டு: ஆள் உண்மையானவர், ஆனால் சம்பளத்தில் பாதியைத் தளபதிக்குக் கொடுத்துவிட்டு வீட்டிலேயே இருந்துகொள்கிறார். இருவருக்கும் லாபம் என்பதால் இருவரும் வாய் திறப்பதில்லை. ஆட்களை எண்ணுபவரும் பணத்தை வாங்கிப் பிரித்துக் கொடுப்பவரும் ஒருவராகவே இருப்பதுதான் இந்த ஏமாற்றின் உயிர்நாடி.

2014 ஜூனில் ஈராக்கின் மொசூல் நகரம் ஐ.எஸ். அமைப்பிடம் விழுந்தது. தாளில் பெரிதாக இருந்த அரசுப் படை, எண்ணிக்கையில் தன்னைவிடச் சிறியதாக இருந்த எதிரியின் முன்னால் நிலைகுலைந்தது. அந்த ஆண்டு நவம்பர் 30 அன்று, பதவிக்கு வந்து சில மாதங்களே ஆகியிருந்த பிரதமர் ஹைதர் அல் அபாதி நாடாளுமன்றத்தில் பேசும்போது, நான்கு படைப்பிரிவுகளில் மட்டும் 50,000 போலிப் பெயர்கள் கண்டுபிடிக்கப்பட்டதாக அறிவித்தார். மொசூல் விழுந்ததற்கு வேறு பல காரணங்களும் உண்டு. ஆனால் பக்கத்தில் தோழன் இருக்கிறான் என்று நம்பிக் காவலில் நின்ற சிப்பாய்க்கு, பட்டியலில் இருந்தவர்களில் பலர் வரவே மாட்டார்கள் என்பது தெரியாமல் இருந்ததை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆப்கானிஸ்தானிலும் இதே கதை. அங்கே விரல் ரேகை, முகப் பதிவு ஆகியவற்றோடு சேர்ந்த புதிய சம்பளப் பதிவு முறைக்கு மாறியபோது, 2019-இல் பாதுகாப்புப் படைகளின் அதிகாரபூர்வ எண்ணிக்கை ஏறக்குறைய 42,000 குறைந்தது. அத்தனை பேரும் போலி என்று சொல்லிவிட முடியாது. பதிவு முடியாமல் விடுபட்டவர்களும் அதில் உண்டு. 2021 ஆகஸ்ட் 15 அன்று காபூல் தாலிபான் வசம் போன பிறகு, முன்னாள் நிதி அமைச்சர் காலித் பாயேந்தா, தாளில் இருந்த 3 லட்சம் சிப்பாய்கள், காவலர்களில் பெரும்பாலோர் உண்மையில் இல்லை என்றும், செத்தவர்களின் பெயர்களையும் ஓடிப்போனவர்களின் பெயர்களையும் வைத்துத் தளபதிகள் சம்பளம் எடுத்தார்கள் என்றும் கூறினார். இது அவருடைய கூற்று, தணிக்கை செய்யப்பட்ட எண் அன்று. ஆனாலும் கருவூலத்தின் சாவியை வைத்திருந்தவரின் கூற்று என்பதால் அதைப் புறந்தள்ள முடியாது.

வாங்கும் இடத்தில் நடப்பது

அடுத்த வழி கொள்முதல், அதாவது அரசு பொருளும் வேலையும் விலைக்கு வாங்குவது. இங்கே பொய் இரண்டு விதமாக வரும்: வாங்காத பொருளுக்குப் பணம் கொடுப்பது, வாங்கிய பொருளுக்குக் கூடுதல் விலை கொடுப்பது.

நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் கொட்டிவிட்டு, மழை வருமுன் மூட்டை கிடங்குக்குப் போகுமா என்று தவிக்கிறவர்களுக்கு முதல் வகைக்கான உதாரணம் உடனே புரியும். தெற்கு சூடான் தனிநாடு ஆவதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, 2008-இல், அங்கிருந்த தன்னாட்சி அரசு பஞ்ச காலத்துக்காகச் சோளம் வாங்கிச் சேமிக்கவும், அதற்குக் கிடங்குகள் கட்டவும் ஏராளமான நிறுவனங்களுக்குப் பணம் கொடுத்தது. பல இடங்களில் சோளமும் வரவில்லை, கிடங்கும் எழவில்லை. உலக வங்கியின் துணையோடு பின்னால் நடந்த ஆய்வில், ஒப்பந்தத்தில் கையெழுத்தே போடாத 290 நிறுவனங்களுக்குப் பணம் போயிருந்தது தெரியவந்தது. பல ஆண்டு உள்நாட்டுப் போரில் பட்டினியால் செத்தவர்களின் நாட்டில், தானியத்துக்கென்று ஒதுக்கிய பணத்துக்கு நேர்ந்த கதி இது. 2012-இல் அந்த நாட்டின் அதிபர் சால்வா கீர், இந்நாள், முன்னாள் அதிகாரிகள் 75 பேருக்குக் கடிதம் எழுதி, காணாமல் போன ஏறக்குறைய 400 கோடி டாலரைத் திருப்பித் தரும்படி கேட்டார். தந்தவர்களுக்கு மன்னிப்பு உண்டு என்றும் சொன்னார். ஓர் அரசு தன் பணத்தைக் கடிதம் போட்டுக் கேட்க வேண்டிய நிலையில் இருந்தது என்பதே, அதன் கணக்குப் பதிவுகள் எவ்வளவு பலவீனமாக இருந்தன என்பதைக் காட்டுகிறது.

இரண்டாவது வகைக்கு உக்ரைன் உதாரணம். ரஷ்யப் படையெடுப்புக்குப் பிறகு, படைக்கு வாங்கும் பொருள்களின் விலையை வெளியிட வேண்டாம் என்று விதி தளர்த்தப்பட்டது. எதிரிக்கு விவரம் போகக் கூடாது என்பது காரணம். 2023 ஜனவரியில், சிப்பாய்களுக்கான முட்டை ஒன்றுக்கு 17 ஹ்ரிவ்னியா (உக்ரைன் நாணயம்) என்று ஒப்பந்தம் போடப்பட்டிருப்பதை ஒரு செய்தித்தாள் அம்பலப்படுத்தியது. கீவ் கடைகளில் அப்போது முட்டையின் விலை ஏறக்குறைய 7 ஹ்ரிவ்னியா. எழுத்துப் பிழை என்று அமைச்சகம் விளக்கம் சொன்னாலும், எதிர்ப்பு வலுத்து, உணவு போன்ற ரகசியமில்லாத பொருள்களின் விலையை வெளியிட வேண்டும் என்று சட்டம் மாற்றப்பட்டது. துப்பாக்கி வாங்குவது ரகசியமாக இருக்கலாம், முட்டை வாங்குவதில் என்ன ரகசியம் என்ற கேள்வியைப் போருக்கு நடுவிலும் மக்கள் கேட்டார்கள் என்பதற்காக இந்த நிகழ்ச்சியை நான் மதிக்கிறேன்.

இந்த இரண்டு வழிகளிலும் பணம் அரசின் கையை விட்டு வெளியேறும்போது அதற்கென்று ஒரு தாள் இருக்கிறது. பட்டியல் இருக்கிறது, ஒப்பந்தம் இருக்கிறது, பட்டுவாடா செய்த கையெழுத்து இருக்கிறது. தாளில் எழுதியிருப்பதைக் களத்தில் போய்ப் பார்ப்பதற்குத்தான் ஆள் இல்லை.

வங்கியும் கருவூலமும்

மேலே சொன்னவை வழியில் நடப்பவை. சில சமயம் தலைமதகிலேயே கை வைக்கப்படுகிறது. காபூல் வங்கி ஆப்கானிய அரசு ஊழியர்களுக்கும் சிப்பாய்களுக்கும் சம்பளம் பட்டுவாடா செய்த தனியார் வங்கி. 2010-இல் அது நொறுங்கியபோது, 90 கோடி டாலருக்கு மேற்பட்ட கடன் மோசடியாகக் கொடுக்கப்பட்டிருந்ததும், அதில் மிகப் பெரும்பகுதி 19 ஆட்களுக்கும் நிறுவனங்களுக்கும் போய்ச் சேர்ந்திருந்ததும் வெளிப்பட்டன. கடன் வாங்கியவர்களில் வங்கியின் பங்குதாரர்களே முக்கியமானவர்கள். மக்கள் போட்ட பணத்தைக் காப்பாற்ற அரசுப் பணம் செலவானது.

2021 செப்டம்பருக்கும் 2022 ஆகஸ்டுக்கும் இடையில் ஈராக்கில் நடந்தது இதைவிட நேரடியானது. நிறுவனங்கள் வரிக்கு முன்பணமாகக் கட்டிவைத்திருந்த வைப்புத்தொகை, அரசுக்குச் சொந்தமான ரஃபிதைன் வங்கியில் வரி ஆணையத்தின் கணக்கில் இருந்தது. ஐந்து நிறுவனங்கள் 247 காசோலைகள் மூலம் அதிலிருந்து 3.7 லட்சம் கோடி தினாரை, அதாவது ஏறக்குறைய 250 கோடி டாலரை எடுத்துச் சென்றன. அந்தக் கணக்கிலிருந்து பணம் எடுக்குமுன் தணிக்கை வாரியம் சரிபார்க்க வேண்டும் என்ற படி அதற்குச் சற்று முன்புதான் நீக்கப்பட்டிருந்தது.

2003-இன் கதையையும் இதையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது தெளிவு கிடைக்கிறது. முதல் கதையில் பணம் நோட்டாகப் போனது. எங்கே போனது என்று இன்றுவரை முழுமையாகத் தெரியாது. இரண்டாவதில் ஒவ்வொரு தினாருக்கும் காசோலை எண் இருந்தது. தேதி, வங்கிக் கிளை, நிறுவனத்தின் பெயர் எல்லாம் இருந்தன. அதனால்தான் அதைக் காணாமல் போனது என்று யாரும் சொல்வதில்லை, திருடப்பட்டது என்றே சொல்கிறார்கள். பதிவு இருப்பது திருட்டைத் தானாகத் தடுத்துவிடாது. ஆனால் திருட்டைத் திருட்டு என்று பெயர் சொல்லி அழைக்கும் உரிமையை அது மக்களுக்குக் கொடுக்கிறது.

போர் இதை ஏன் மோசமாக்குகிறது

லஞ்சம் எல்லா நாட்டிலும் உண்டே, போர் நடந்த நாட்டை மட்டும் ஏன் தனியாகப் பார்க்க வேண்டும் என்பது நியாயமான கேள்வி. வங்கிகள் மூடிக்கிடப்பதால் பணம் கையில் புழங்குகிறது. குண்டு வெடிக்கும் மாவட்டத்துக்குத் தணிக்கையாளர் போக முடியாது. கட்டியதாகச் சொல்லும் பள்ளியைப் புகைப்படத்தில் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறார். அவசரம் என்ற காரணத்தால் ஒப்பந்தப்புள்ளி கோராமல் ஒருவரிடமே வேலை கொடுக்கப்படுகிறது. உதவி செய்யும் வெளிநாடும் நிதியாண்டு முடிவதற்குள் பணத்தைச் செலவழித்துக் காட்ட வேண்டிய நெருக்கடியில் இருக்கிறது. ஆப்கானிஸ்தான் மறுசீரமைப்புக்கு அமெரிக்கா 2002 முதல் ஒதுக்கியது 14,000 கோடி டாலருக்கும் மேல். அவ்வளவு பணத்தை வாங்கிச் செலவழித்துக் கணக்கு எழுதும் அளவுக்கு அந்த நாட்டின் அலுவலகங்களில் ஆட்களே இல்லை.

இவை எல்லாம் வெளியில் தெரியும் காரணங்கள். உள்ளே இருக்கும் காரணம் அரசியல். இதைச் சொல்லும்போது நான் மேலே எடுத்துக்கொண்ட ஆற்று உவமை பொருந்தாமல் போகிறது. நம் பக்கத்தில் மதகைக் காக்கும் லஸ்கர் கையில் துப்பாக்கி இல்லை. அவரை மாற்றினால் ஊரில் போர் மூளாது. போர் ஓய்ந்த நாட்டில் மதகுகளைப் பிடித்து வைத்திருப்பவர்கள் நேற்றுவரை ஆயுதம் ஏந்தியவர்கள். அவர்கள் மறுபடியும் காட்டுக்குள் போகாமல் இருக்க ஒருவருக்கு ஆளுநர் பதவி, இன்னொருவருக்குச் சுங்கச் சாவடி, மற்றொரு கட்சிக்கு முழுதாக ஓர் அமைச்சகம் என்று பங்கு பிரிக்கப்படுகிறது. 2003-க்குப் பிந்தைய ஈராக்கில் அமைச்சகங்கள் சமய, இன அடிப்படையில் கட்சிகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டன. பதவியைப் பங்காகப் பெற்றவர், அதன் வருமானத்தையும் தன் பங்காகவே பார்க்கிறார். கீழே இருப்பவர் பதவியை விலைக்கு வாங்கியிருக்கிறார். கொடுத்த விலையைச் சம்பளத்திலிருந்து எடுக்க முடியாது என்பதால் மக்களிடமிருந்து எடுக்கிறார். இந்த நிலையில் ஊழல் என்பது ஆட்சியில் விழுந்த ஓட்டை என்று சொல்வதைவிட, ஆட்சி நிற்பதற்கு ஊன்றிய கால்களில் ஒன்று என்று சொல்வதே பொருந்தும்.

இப்படி அமைதியை விலைக்கு வாங்குவதே நடைமுறை ஞானம் என்று வாதிடுபவர்கள் உண்டு. மொசூலையும் காபூலையும் பார்த்த பிறகு அந்த வாதம் எனக்கு ஏற்புடையதாக இல்லை. வாங்கிய அமைதி, அதைக் காக்க வேண்டிய படையையே உள்ளிருந்து தின்றுவிட்டது.

பட்டியலில் கடைசி இடம் என்றால் என்ன

டிரான்ஸ்பரன்சி இன்டர்நேஷனல் அமைப்பு ஆண்டுதோறும் வெளியிடும் ஊழல் உணர்வுக் குறியீட்டை வைத்து, இந்த நாட்டில் இத்தனை விழுக்காடு ஊழல் என்று பலர் பேசுகிறார்கள். அது அப்படிப்பட்ட அளவு அன்று. வல்லுநர்களும் தொழில் நடத்துபவர்களும் ஒரு நாட்டின் அரசுத் துறையில் எவ்வளவு ஊழல் இருப்பதாகக் கருதுகிறார்கள் என்பதை 0 முதல் 100 வரை மதிப்பெண்ணாகக் காட்டுவது. 100 என்றால் மிகத் தூய்மை. 2024-இல் கடைசி இடத்தில் இருந்த தெற்கு சூடான் பெற்ற 8 மதிப்பெண் எவ்வளவு பணம் போனது என்பதைக் கூறுவதில்லை.

போன பணம் திரும்புமா, போகாமல் தடுக்க முடியுமா

திரும்புவது மிகக் குறைவு. மேலே சொன்ன 247 காசோலை விவகாரத்தில், பணம் பாக்தாத் நகரின் நிலங்களாகவும் வீடுகளாகவும் மாறியிருந்தது. 2022 நவம்பரில் பிரதமர் முகம்மது ஷியா அல் சூடானி, மீட்கப்பட்ட நோட்டுக் கட்டுகளை அடுக்கி வைத்து நாட்டுக்குக் காட்டினார். அந்தத் தொகை 18,270 கோடி தினார். எடுத்துச் செல்லப்பட்டதில் ஏறக்குறைய 5 விழுக்காடு. அதுவும் ஒவ்வொரு காசோலைக்கும் பதிவு இருந்த வழக்கில்.

தடுப்பதற்கு வழி இருக்கிறது, அது பணம் போய்ச் சேர வேண்டிய கடைசி ஆளிடமிருந்து தொடங்கும்போது வேலை செய்கிறது. உகாண்டாவில் நீண்ட உள்நாட்டுப் போருக்குப் பிறகு, தொடக்கப் பள்ளிகளுக்கு மத்திய அரசு அனுப்பிய மானியம் எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்று 1996-இல் 250 பள்ளிகளில் நேரில் போய்க் கேட்டார்கள். 1991 முதல் 1995 வரை சராசரியாக 13 விழுக்காடுதான் பள்ளிக்கு வந்திருந்தது. மீதி மாவட்ட அலுவலகங்களில் நின்றுவிட்டது. அதன் பிறகு, ஒவ்வொரு மாவட்டத்துக்கும் அனுப்பிய தொகையை அரசு செய்தித்தாள்களில் வெளியிட்டது. பள்ளிச் சுவரிலும் எழுதி ஒட்டச் செய்தது. சில ஆண்டுகளில் போய்ச் சேர்ந்த பங்கு 80 விழுக்காட்டைத் தாண்டியது. அதே காலத்தில் வேறு சீர்திருத்தங்களும் நடந்தன என்பதால் முழுப் பெருமையையும் செய்தித்தாளுக்குக் கொடுக்க முடியாது. ஆனால் செய்தித்தாள் விற்கும் இடத்துக்கு அருகில் இருந்த பள்ளிகளில் முன்னேற்றம் கூடுதலாக இருந்ததை ஆய்வாளர்கள் கண்டார்கள். தனக்கு எவ்வளவு வர வேண்டும் என்பது தெரிந்த தலைமை ஆசிரியர், வராததைக் கேட்டார்.

செய்தித்தாள் போகாத இடத்தில் என்ன செய்வது? ஆப்கானிஸ்தானின் வர்தக் மாகாணத்தில் 2009-இல் ஒரு சிறு சோதனை நடந்தது. ஏறக்குறைய 50 காவலர்களுக்கு, தளபதி வழியாகக் கையில் கொடுத்த சம்பளத்தை நிறுத்திவிட்டு, அவரவர் கைப்பேசிக்கே அனுப்பினார்கள். சம்பளம் வந்ததும் அவர்களில் பலர் தங்களுக்கு ஊதிய உயர்வு கிடைத்துவிட்டதாக நினைத்தார்கள். உயர்வு எதுவும் இல்லை. முதல் முறையாக முழுச் சம்பளம் கைக்கு வந்திருந்தது. அதுவரை ஏறக்குறைய 30 விழுக்காடு வழியிலேயே எடுக்கப்பட்டு வந்திருந்தது. பட்டியலில் இருந்த சில பெயர்களுக்கு ஆளே இல்லை என்பதும் அப்போது தெரிந்தது.

வரும்படியை இழந்த ஒரு தளபதி, தன் காவலர்களின் கைப்பேசிகளையும் ரகசிய எண்களையும் தன்னிடம் ஒப்படைக்கும்படி கேட்டு, சம்பளத்தைத் தானே எடுக்க முயன்றார். முன்பு என்றால் அவர் யாரிடமும் எதையும் கேட்க வேண்டியிருந்திருக்காது, பணம் அவர் கைக்கே வந்திருக்கும். இப்போது ஒவ்வொரு காவலரிடமும் போய்க் கேட்க வேண்டியிருந்தது. கேட்கப்பட்ட காவலருக்குத் தன் சம்பளம் எவ்வளவு என்பது தெரிந்திருந்தது.